பதினோராம் பக்கம்

ஜெனிட்டா நான்காம் பக்கத்தைப் புரட்டியபோது அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் கூடவே புரட்டினார்கள். மங்கையர்க்கரசி மட்டும் புரட்டவில்லை. அவள் வந்து உட்கார்ந்த நிமிஷமே பதினோராம் பக்கத்துக்குப் போய்விட்டாள், போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த இரண்டு வரியும் அங்கே தடித்த எழுத்தில், இருபுறமும் ஓரம் விட்டு, பூஜை அறையில் படம் மாட்டியது போல நடுவில் மாட்டப்பட்டிருந்தன. எத்தனை தரம் பார்த்தாலும் அவை அங்கேதான் இருந்தன. ஜெனிட்டா அங்கே வந்து சேர இன்னும் ஏழு பக்கம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்றால் இருபத்தொரு நிமிஷம், வேகமாகப் படிக்கிறவள், தூத்துக்குடிக்காரி, பதினெட்டில் வந்தாலும் வந்துவிடுவாள் என்று மங்கை கணக்குப் போட்டாள். புதன்கிழமை மூன்று மணி. தமிழ்த்துறை மாடியில் கடைசி அறை, பேராசிரியர்கள் யாரும் எட்டிப் பார்க்காத அறை, எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் தங்களுக்குள் கூடி, பாதியில் நிற்கும் இயலை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. வாசிக்கிறவர் எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தர வேண்டும், முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆய்வுலகத்தில் அண்ணன் தம்பியானாலும் ஓர் இயலை வெளியே நடமாட விடக் கூடாது என்று எவனோ பட்டுத் தெரிந்துகொண்டவன் போட்ட விதி அது. வாசிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, தோன்றுவதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். முடிந்ததும் முதல் கேள்வி மூத்தவருக்கு. மூத்தவர் என்றால் வயதில் மூத்தவர் அல்ல, அதிக வருஷம் முடிக்காமல் கிடக்கிறவர். ஆறு வருஷமாகக் கிடக்கிறவள் மங்கை. அந்த மரியாதை அவளுக்கு எப்போதுமே கசக்கும், இன்றைக்கு இன்னும் கசந்தது.

தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் டக் என்றது, அந்த டக்கை எதிர்பார்க்காமல் இருக்க முடியவில்லை, டக், எதிர்பார்த்ததும் வந்தது, டக். பென்சில் முனையை நாக்கில் வைத்தாள், ஈயத்தின் ருசி, அந்த ருசி வந்ததும் அந்த நூலகம் வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டாள், விடாவிட்டாலும் அது வந்திருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்த நூலகம், ஜெராக்ஸ் எடுத்தால் கட்டு உடையும் என்பார்கள், போனில் படம் எடுத்தால் வீட்டுப் பெரியவருக்குப் பிடிக்காது, பேனா கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பென்சிலும் நோட்டும்தான். ஒன்பது நாள் குனிந்து குனிந்து எடுத்தெழுதினாள். 'மங்கல தீபிகை' என்று ஒரு மாத இதழ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, அதில் 'கமலத்தின் வருகை' என்று ஐந்து பக்கக் கதை, எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சகோதரி' என்று மட்டும் போட்டிருந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு மாற்றுப் புடவைகூட இல்லாமல் கிளம்பி, பிறந்த வீட்டுக்கு நடந்தே வருகிறாள் கமலம். ஐந்து பக்கமும் அந்த நடைதான், வேறு ஒன்றும் நடக்காது, வழியில் அவள் நினைப்பதும் பயப்படுவதும்தான். அந்திக்கு வந்து சேருகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. 'கதவைத் தட்டக் கையெடுத்தவள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே பக்கம் இல்லை. பாதிப் பக்கத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது, சல்லடை என்றாலும் ஓரிரண்டு எழுத்துத் தெரியும், இதில் ஒன்றும் தெரியவில்லை, தொட்டால் உதிர்ந்தது. மங்கை அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அங்கேயே புள்ளி வைத்து எழுந்திருக்க வேண்டும். 'மூலம் சிதைந்துள்ளது' என்று இரண்டு சொல் எழுதினால் தீர்ந்தது, முதல் வருஷத்துப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஆனால் அவளால் கமலத்தைக் கையெடுத்தபடியே விட்டுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, பென்சில் தானாகப் போனது. கமலம் தட்டவில்லை. 'தட்டவில்லை. உள்ளே யிருப்பவர்களுக்கும் அது கதவு தானே யென்று எண்ணியவளாய்த் திரும்பி நடந்தாள்.' ஒன்பது நாள் அந்தக் காலத்து எழுத்தையே பார்த்துப் பார்த்துக் கை அப்படியே பழகியிருந்தது, 'தானே யென்று' என்று பிரித்து எழுதியதைக்கூட அவள் யோசித்து எழுதவில்லை. சுற்றிலும் பகர அடைப்பு போட்டாள், இது நான் எழுதியது என்பதற்கு அடையாளம். அதைப் போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு கொக்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, அழுத்தமாக. பிறகு அந்தக் கதையைச் சேர்த்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது தட்டச்சு செய்த பையன் கொக்கிகளை விட்டுவிட்டான். நிம்மதியாகப் பழியை அவன் தலையில் போட்டுவிடலாம், போட்டும் பார்த்தாள், ஆனால் அச்சேறும் முன் பிழை பார்க்க மெய்ப்பு அவளிடம் வந்தது. சிவப்பு மை பேனா கையில் இருந்தது. அதே பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தியிருக்கிறாள். அந்த இரண்டு வரியைப் பார்த்தாள், கொக்கி இல்லாமல் எவ்வளவு நன்றாக இருந்தது, எவ்வளவு நிஜமாக இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கொலைகாரனுக்குக்கூடக் கொஞ்சம் வேலை இருக்கும், இவளுக்குப் பக்கத்தைப் புரட்டுகிற வேலைதான்.

"இங்கே கமலத்தின் நடை என்பது..." என்று ஜெனிட்டா வாசித்துக்கொண்டிருந்தாள், ஏழாம் பக்கம், நல்ல குரல், மாதா கோயிலில் வேத வாசகம் படித்துப் பழகிய குரல். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வருஷம் வந்தபோது தலைப்பே கிடைக்காமல் விடுதி மொட்டைமாடியில் அழுதுகொண்டிருந்தவளுக்கு, அந்தக் கட்டுரையைக் கொடுத்துப் படி என்றது மங்கைதான். எதற்குக் கொடுத்தாய்? பெருமை. வேறென்ன. தன் வாயால் கெடும் தவளை. மூன்று நாள் கழித்து வந்து, "அக்கா, அந்தக் கடைசி வரிக்காகவே நான் இதுல பண்ணப் போறேன்," என்றாள் ஜெனிட்டா, கண்ணெல்லாம் மின்ன. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம், அக்காவும் தங்கையும் சிரித்துக்கூட இருக்கலாம். சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு அது வளர்ந்து வளர்ந்து இப்போது ஓர் இயலாகிவிட்டது, நாளைக்குக் காலையில் அது ஒரு தொகுப்பு நூலுக்குப் போகிறது, அங்கிருந்து எத்தனை அடிக்குறிப்பில் குட்டி போடுமோ. யாரும் சரிபார்க்கவும் முடியாது. பெரியவர் போன பிறகு அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள், ஒரு மழையில் ஓடு ஒழுகி, நனைந்ததெல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விட்டது என்று கேள்வி. உலகத்தில் அந்தக் கதைக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி மங்கையின் நோட்டுத்தான், அது அவளுடைய அலமாரியில், பழைய சுடிதார்களுக்கு அடியில், முகம் குப்புறக் கிடக்கிறது. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினெட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு, ஆறு வருஷம், அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அந்தக் கதை உன் ஆய்வேட்டில் ஒரு முழு இயல். இன்னும் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிரு. டக் என்றது மின்விசிறி.

அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்ததும் ஊர் வீட்டு முன்னறை வந்தது, அது வராமல் போகாது என்று அவளுக்குத் தெரியும், ஏழாம் பக்கத்திலிருந்தே அது வாசலில் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு, மறுநாள் தமிழ் இரண்டாம் தாள், அவள் ஜன்னலோரத்தில் மேஜை போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். மேஜையிலிருந்து கதவு நான்கு எட்டு. அப்பா பேப்பர் படிக்கிறார். விளக்குப் போடுகிற நேரம். தெரு முனையில் நடை கேட்டதுமே அது திலகம் அக்கா என்று தெரிந்துவிட்டது, வலது கால் செருப்பைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், கல்யாணமாகி எட்டு மாதத்தில் நடை மாறவில்லை. முதல் நாள் அக்காவின் மாமனார் போன் பண்ணியிருந்தார், உங்க பொண்ணு சொல்லாம கொள்ளாம கிளம்பினா நாங்க பொறுப்பில்ல என்று. அப்பா பேப்பரை இறக்காமல், "எவளும் எந்திரிக்கப்படாது," என்றார். "வந்த வழி தெரியும்லா. போவா." அடுப்படியில் அம்மா குழாயைத் திறந்து விட்டாள், அது குடத்தில் விழுகிற சத்தம், குடம் நிறைந்த பிறகும் நிறுத்தவில்லை. திலகம் தட்டினாள். சின்னதாக, விரல் மடக்கி, அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பது போல. பிறகு கொஞ்சம் பலமாக. "ஏட்டி மங்க," என்று கதவிடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள், அப்பாவை அல்ல, அம்மாவை அல்ல. மங்கை அணி இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஓர் எழுத்தும் ஏறவில்லை, தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. மூன்றாவது தரம் உள்ளங்கையால், ஒரே ஓர் அடி. அப்புறம் செருப்பு இழுபடுகிற சத்தம், தூரப் போய், டீக்கடை ரேடியோவில் கலந்து, இல்லாமல் போனது. நான்கு எட்டு. பதினேழு வயதில் நான்கு எட்டு எடுத்து வைப்பதற்கு என்ன ஆகிவிடும், அடிப்பாராக இருக்கும், அடித்தால் என்ன. தமிழ் இரண்டாம் தாளில் அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

திலகம் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். இப்போது இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள், "ஏட்டி, சாப்பிட்டியா, எப்பத்தான் முடிக்கப் போற," என்பாள், சிரிப்பாள், கோபம் என்று ஒன்று அவளிடம் இருந்ததாகவே தெரியாது. போனை வலது காதில்தான் வைப்பாள். இடது காது கேட்பதில்லை, புருஷன் கை பட்ட காது. அது எப்போது போனது, அந்த அந்திக்கு முன்பா, அதற்குப் பிறகா என்று மங்கை இந்தப் பதினாறு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. முன்பு என்றால் ஒரு மாதிரி, பின்பு என்றால் வேறு மாதிரி. முன்பாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ ராத்திரி சாமியிடம் கேட்டிருக்கிறாள், நடந்து முடிந்ததற்குச் சாமி என்ன செய்யும். ஓ, அதனால்தான் என்று இப்போது தோன்றியது, இப்போது தோன்றியதா அல்லது நூலகத்தில் பென்சில் போகும்போதே தெரிந்திருந்ததா. கமலம் தட்டியிருந்தால் உள்ளே யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடும். தட்டவில்லை என்றால் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு சகோதரி தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் என்ன பாடுபட்டு எழுதினாளோ, அவள் வாயில் தன் பொய்யைத் திணித்துவிட்டு, சொன்னது அவள்தான் என்று அச்சிலும் போட்டாகிவிட்டது. மங்கைக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கேவலமாக இருந்தது.

ஜெனிட்டா பதினோராம் பக்கத்துக்கு வந்திருந்தாள். அந்த இரண்டு வரியை வாசிப்பதற்கு முன்னால் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு பாராமலே சொன்னாள், மனப்பாடம். அறையில் யாரோ "ச்ச" என்று மெல்லச் சொன்னார்கள், நல்ல வரியைக் கேட்டால் வருகிற "ச்ச". மங்கைக்கு உடம்பு கூசியது, அந்தக் கூச்சத்துக்குள்ளே, வெட்கங்கெட்ட மனசு, ஒரு துளி சந்தோஷமும் இருந்தது, என் வரி என்று. ஜெனிட்டா அந்த வரியைப் பிரித்துக் காட்டினாள், சொற்களைப் பிரித்து எழுதும் முறை அந்தப் பத்தாண்டுக்கே உரியது என்றாள், ஓர் ஆண் இப்படி எழுதியிருக்க முடியாது என்றாள், இந்த நடை இதே சகோதரிக்கு மட்டுமே உரியது என்பதற்கு நான்கு சான்று காட்டினாள், நான்கும் கச்சிதமாகப் பொருந்தின. நானே போய் நான் எழுதியது என்று சொன்னாலும் இவள் நிரூபித்துத் தோற்கடித்துவிடுவாள் என்று மங்கை நினைத்தாள், சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத் தயார் பண்ணிக்கொண்டாள். அந்த இதழின் மற்ற ஆண்டுகளில் இதே பெயரில் கதை ஏதும் உண்டா என்பது போல, கேட்டவருக்கும் நஷ்டமில்லாமல் சொன்னவருக்கும் நஷ்டமில்லாமல் ஒரு கேள்வி. ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்காம் பக்கத்தின் கடைசிப் பத்தியை ஜெனிட்டா மெதுவாக வாசித்தாள். "ஆகவே, தட்டாமல் திரும்பும் அந்தக் கணத்தில் கமலம் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் அனைவரையும் மன்னித்துவிடுகிறாள்." தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தாள். "இதைக் கையால எழுதிக் காப்பாத்திக் குடுத்தது மங்கை அக்கா. அவங்க இல்லன்னா இந்த இயல் இல்ல," என்றாள்.

மன்னித்துவிடுகிறாள். அந்தச் சொல் காதில் விழுந்து உள்ளே போகாமல் அங்கேயே நின்றது, டக், மின்விசிறி, டக். பதினாறு வருஷமாக யாரிடமும் கேட்கத் துணியாததைத் தானே எழுதி, தானே அச்சேற்றி, இப்போது ஒரு சின்னப் பெண்ணின் வாயிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. "மங்கை அக்கா, முதல் கேள்வி உங்களது," என்றான் காஜா மைதீன். அவன்தான் இந்தப் புதன்கிழமை அரங்கின் செயலாளர், நடவடிக்கைக் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு பேனாவோடு நிமிர்ந்து பார்த்தான். அவள் ஓரத்தில் எழுதியிருந்த கேள்வியைப் பார்த்தாள். அது யாரோ எழுதியது போல இருந்தது.

"கேள்வி இல்ல," என்றாள். "அந்த ரெண்டு வரியும் நான் எழுதினது."

"ஆமாக்கா, அதத்தான் சொன்னேன்," என்று ஜெனிட்டா சிரித்தாள்.

"எடுத்து எழுதினத சொல்லல. நானா எழுதினது. கதை 'கையெடுத்தவள்'ங்கிற எடத்துலயே முடிஞ்சிருச்சு. அதுக்குக் கீழ பக்கமே கிடையாது, பூச்சி தின்னுருந்தது. நோட்டுல அடைப்புக்குள்ளதான் போட்டேன். அச்சுல விட்டுப்போச்சு." பென்சிலைக் கீழே வைத்தாள். "விட்டுப்போகல. மெய்ப்புல பாத்தேன். பாத்துட்டு விட்டுட்டேன்."

வாசிக்கும்போதுதான் பேசக் கூடாது என்று விதி, இதற்கு விதி எதுவும் இல்லை. காஜாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. "அக்கா," என்றான் மெதுவாக, இப்போதே திரும்ப எடுத்துக்கொண்டால் எழுதாமல் விட்டுவிடுகிறேன் என்கிற தோரணையில், "உங்களுக்குப் பதினெட்டாம் தேதி தேர்வு."

"தெரியும். எழுதிக்கோங்க."

அவன் எழுதினான். ஜெனிட்டா பதினான்கு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முகம் வெளுத்துக் காது மட்டும் சிவந்திருந்தது. அழுவாள் என்று மங்கை நினைத்தாள், எழுந்து வெளியே போய்விடுவாள், அல்லது இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், இந்தப் பிள்ளையின் ஒன்றரை வருஷ உழைப்பை மண்ணில் தள்ளியதற்கு எந்தப் பதிலும் போதாது. ஜெனிட்டா பதினோராம் பக்கத்தை எடுத்துத் திரும்பப் படித்தாள். விரலை ஓரிடத்தில் வைத்தாள், கதை நின்றுபோன இடத்தில். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் கோபம் இல்லை, அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று இருந்தது, வழியில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுவிட்டு வந்த மாதிரி.

"அப்ப அவ கதவத் தட்டினாளா, இல்லையாக்கா?"

தெரியாது என்று சொல்லத்தான் மங்கை வாயெடுத்தாள். தெரியாது என்பதுதான் பதில், ஆறு வருஷத்துக்கு முன்னால் பென்சிலால் எழுதியிருக்க வேண்டியதும் அதுதான்.

"தட்டினா," என்றாள். "மூணு தரம்."

பன்னிரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். காஜாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது, 'மூன்று' வரைக்கும் எழுதிவிட்டான்.

"அத எழுதாதீங்க, காஜா," என்றாள் மங்கை. "அது இந்தக் கதையில இல்ல."

காஜா அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தான். அடித்த பிறகும் அது படிக்க முடிகிற மாதிரிதான் இருந்தது.